படுத்தவரை எழுப்பலாகாது

பகல் சத்திரத்தின் தோலை உரித்த அன்று அந்தச் சாலையில் போனவர்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். அப்படியொரு நாற்றம். கூடை கூடையாக முட்டையை அழுகவிட்டு வெயிலில் உடைத்து ஊற்றினால்கூட அவ்வளவு நாறாது. நறுமுகை மட்டும் மூக்கைப் பிடிக்காமல் நின்றாள். மரபுக் கட்டட வாரியத்தின் ஆய்வாளர் கம்பெனிக்காரர்கள் எதிரில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாள். பெயரில்தான் மணம் இருந்தது. அவள் பிழைப்பு முழுக்க வௌவால் புழுக்கைக்கும் பாசி பிடித்த சுண்ணாம்புக்கும் நடுவிலேயே போய்க்கொண்டிருந்தது.

உரிப்பது என்றால் நிஜமாகவே உரிப்பதுதான். பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் வெல்லமும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சின் மேல் ஒரு நுண்ணுயிர்க் குழம்பைத் தெளிக்கிறார்கள். வேலையாட்கள் அதைக் கஞ்சி என்பார்கள். கஞ்சி உள்ளே இறங்கி, முட்டையையும் வெல்லத்தையும் தின்று, சுண்ணாம்பை இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். சில நாளில் தூண், வளைவு, மேலே உட்கார்ந்திருக்கும் சுதைக் கிளி எல்லாமே தோசைக் கனத்துக்கு ஒரே தோலாகிவிடும். அதை அப்படியே கழற்றி, புதிதாக எழும்பும் கட்டடத்தின் இரும்புச் சட்டத்தில் மாட்டிவிடுவார்கள். பின்னால் இருந்த செங்கல் லாரியில் ஏறிப் போய்விடும்.

"இது செத்த சுவர் இல்ல மேடம், உயிரோட இருக்கு" என்றான் ரித்விக். கம்பெனியின் உயிர்ப்பொறியாளன். முப்பது வயதுக்குள், நல்ல சட்டை, நல்ல பேச்சு. "கீறல் விழுந்தா தானே மூடிக்கும். வெயில் ஏறினா உள்ளே குளிர்ச்சி குடுக்கும். பசிச்சாத்தான் இப்படி நாறும். தினமும் குழாய்ல வெல்லத்தண்ணி காட்டினா சமர்த்தா இருக்கும்."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"நாம ஊட்டற வரைக்கும்."

கயிறுகள் மெல்ல இழுக்க, சத்திரத்தின் முகம் சுவரை விட்டுக் கழன்று முன்பக்கமாகத் தொங்கியது. பின்னால் செங்கல் ஈரமாக, சிவப்பாக, உரித்த கோழி மாதிரி நின்றது. நறுமுகைக்குக் கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பார்க்காமல் இருக்கலாம் என்றால் பார்ப்பதுதான் அவள் வேலை.

அந்தச் சத்திரத்தை இருநூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியவர் ராகவலு செட்டி என்ற தானிய வியாபாரி. பெண்சாதி எதிரே இருந்த பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் அவள் பக்கத்தில் கண் விழித்தார். மறுநாள் பட்டப்பகலில் தெருவோரம் அசந்து தூங்கியவரைப் போலீஸ்காரன் ஒருவன் பிரம்பால் தட்டி எழுப்பிவிட்டான். பெண்சாதி பிழைக்கவில்லை. மனிதர் அதற்கப்புறம் வேறு எந்தத் தர்மமும் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் இரவு கண் விழிப்பவர்கள் பகலில் வந்து தூங்குவதற்கென்றே ஒரு கூடம் கட்டி, வாசல் வளைவில் சுதையில் புடைத்த எழுத்தாக ஒரே ஒரு வாசகத்தை வைத்தார். படுத்தவரை எழுப்பலாகாது. அன்றிலிருந்து அங்கே யாரும் யாரையும் எழுப்பியதில்லை. கூட்டிப் பெருக்குகிறவர்கள்கூட ஆளைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவார்கள்.

இடம் மட்டும் பொன்னாக விளைந்துவிட்டது. சாலைக்கு அடியில் ரயில், மேலே இன்னொரு ரயில். நடுவில் ஒற்றை மாடிச் சத்திரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யார் யாருக்கோ எச்சில் ஊறியது. அதற்கென்றே சமநிலைச் சட்டம் வந்திருந்தது. பழைய கட்டடத்தின் முகமும் அந்த முகத்தில் எழுதியிருக்கும் வழக்கமும் காப்பாற்றப்பட்டால், மேலே எத்தனை மாடி வேண்டுமானாலும் எழுப்பிக்கொள்ளலாம். மரபும் இருக்கும், வளர்ச்சியும் இருக்கும், இரண்டுக்கும் நஷ்டமில்லை என்று சட்டசபையில் மேசையைத் தட்டினார்கள். சமநிலை என்ற அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நறுமுகைக்குப் பல் கூசும். இருந்தாலும் அவளும் அந்தச் சட்டத்தின் சம்பளக்காரிதான்.

கம்பெனியோடு நடந்த பேச்சுவார்த்தையில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கீழ்த்தளத்தில் பழைய கூடம் இருந்த அளவிலேயே கூடம் வேண்டும், உள்சுவரிலும் அதே தோல் வேண்டும், பகல் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வழக்கம் என்று எதைக் குறிப்பது என்று கம்பெனி வக்கீல் கேட்டார். வாசல் வளைவைக் காட்டினாள். அதிலிருந்த வாசகத்தை எழுத்துப் பிசகாமல் ஷரத்தாகச் சேர்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறார்களே என்று அன்றைக்கே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அவளோ ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அலுவலகத்தில் எல்லாருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தாள்.

உரிப்புக்கு ஒரு வாரம் முன்னால், கூடத்தைக் காலி செய்யச் சொல்ல அவளே போயிருந்தாள். தூங்குகிறவர்கள் தானாக எழுந்திருக்கும்வரை காத்திருந்து ஒவ்வொருவராகச் சொன்னாள். கடைசியாக எழுந்தவள் சௌமியா. செய்யாற்றுப் பக்கம், ஐம்பது வயது இருக்கும். புருஷன் தினேஷ் தோல் பதனிடும் தொழிற்சாலையில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுடைய அணுக்களிலிருந்தே அவனுக்குப் புது நுரையீரல் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வளர்ந்து முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் பழைய நுரையீரல் சுரக்கும் சளியை இரவெல்லாம் ஒரு குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் மணி அடிக்கும். அடித்தவுடன் ஆள் எழுந்து குழாயைச் சுத்தம் செய்யாவிட்டால் கதை முடிந்தது. நுரையீரலை வளர்க்கத் தெரிந்த சர்க்காருக்கு ராத்திரியில் ஒரு ஆளைப் போடத் தெரியவில்லை, ஆகவே அந்த ஆள் சௌமியா.

"கட்டி முடிக்கிற வரைக்கும் எதிர்ல கொட்டகை போட்டுக் குடுப்பாங்க அக்கா. அப்புறம் இங்கயே வந்து படுத்துக்கலாம்" என்றாள் நறுமுகை.

"அம்மாம் பெரிய பில்டிங்குல எங்கள உள்ள வுடுவாங்களா மேடம்?"

"விட்டுத்தான் ஆகணும். உங்களை யாரும் எழுப்பவும் முடியாது. நானே எழுதி வாங்கியிருக்கேன்."

சௌமியா கையெடுத்துக் கும்பிட்டாள். நறுமுகைக்குக் கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

இப்போதெல்லாம் கட்டடம் கட்டுவதா, அச்சடிக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து கோடை வருவதற்குள் ஐம்பது சொச்சம் மாடி நின்றுவிட்டது. காலடியில் மட்டும் சத்திரத்தின் முகம், கிளியும் வளைவும் வாசகமுமாக, மினுமினுத்துக்கொண்டு ஒட்டியிருந்தது. திறப்பு விழாவன்று எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று சிரித்தார்கள். நறுமுகையும் தொட்டாள். உள்ளங்கையில் லேசாக ஈரம் ஒட்டியது. யாரும் பார்க்காதபோது துடைத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு வாரம் கூடம் நிரம்பி வழிந்தது. அவள் பார்த்துவிட்டுத்தான் கும்பகோணத்துக்கு வேறு வேலையாகப் போனாள். ஒரு மாதம் கழித்து இரவு ரயிலில் கண் மூடாமல் திரும்பி, நேராகச் சத்திரத்துக்கு வந்தபோது, ரயில் தாமதத்தால் உச்சிவேளை ஆகிவிட்டது. கூடம் காலியாகக் கிடந்தது.

வாசலில் புதிதாக ஒரு குளியலறை முளைத்திருந்தது. உள்ளே இலவச சோப்பு, இலவச ஷாம்பு, மடித்து வைத்த துண்டுகள். மேலே அழகான எழுத்தில் ஒரு பலகை. "அன்பு விருந்தினரே, குளித்துவிட்டு உறங்குங்கள். உடன் உறங்குவோரை மதிப்போம். குடியிருப்போர் நலச் சங்கம்." நறுமுகை அதை இரண்டு முறை படித்தாள். அந்த அன்பு அவளுக்கு என்னவோ செய்தது.

"ஜனங்க எங்க?" என்று காவலாளியைக் கேட்டாள்.

"தெரியல மேடம். வருவாங்க, கொஞ்ச நேரம் படுப்பாங்க, எழுந்து போயிடுவாங்க. இப்ப வர்றதே இல்ல. நாங்க யாரையும் எழுப்பல, சத்தியமா."

சரி, நாமே படுத்துப் பார்ப்போம் என்று பயணப் பையைத் தலைக்கு வைத்துச் சுவரோரம் சாய்ந்தாள். தரை குளுகுளுவென்று இருந்தது. ரயில் அலுப்பு வேறு. கண் சொருகியது.

குமட்டிக்கொண்டு விழித்தாள். முகத்துக்கு வெகு அருகில் ஒரு வாடை. முட்டை நாற்றம் இல்லை. பழைய வியர்வை, காறித் துப்பிய சளி, பல நாள் மாற்றாத புண்துணி எல்லாம் சேர்ந்த மனித வாடை. முதல் காரியமாக அவள் தன் ரவிக்கைக் கையை இழுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானையை. ரயிலில் வந்தது, குளிக்காதது எல்லாம் நினைவுக்கு வர, காவலாளி கவனித்துவிட்டானோ என்று திரும்பிப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது அவளுக்கு இன்னும் அவமானமாகப் போயிற்று.

குளியலறைக்குப் போய் அந்த இலவச சோப்பால் தேய்த்துக் குளித்து, மாற்றுப் புடவை கட்டிக்கொண்டு வந்து படுத்தாள். கண் அசந்தது. மறுபடியும் அதே வாடை. இந்த முறை அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியபடி, தூங்குகிறவள் மாதிரி மூச்சை நிதானமாக இழுத்து விட்டுக்கொண்டே தலையை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பினாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அவள் மூக்குக்கு நேராக, தோலில் ஊசிமுனைத் துளைகள் திறந்து பிசுபிசுவென்று கசிந்துகொண்டிருந்தன. சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். துளைகள் மூடிக்கொண்டன. சிறிது நேரத்தில் கூடத்தில் மல்லிகை மணம் வீசியது.

காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. மரபுச் சின்னத்தில் துப்பினால் தண்டனை உண்டு என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

ரித்விக்கின் அறை ஒரு மாடி மேலே இருந்தது. அவன் எழுந்து நின்று வரவேற்று, காபி வரவழைத்தான். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

"தூங்கும்போது மூச்சு ஒரே தாளத்துல வரும் மேடம். அந்தக் காத்து மேல பட்டா தோலுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் வெல்லத்தண்ணி நின்னுடும். பசியில கசியும். முழங்காலுக்கு மேல வாசனை ஏறாது, லிஃப்டுக்குப் போறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆள் எழுந்ததும் மறுபடி ஊட்டி, மல்லிகை சென்ட்டும் அடிச்சுடுவோம்."

வாசனை என்றான்.

"உரிச்ச அன்னைக்கு வந்தது முட்டை நாத்தம். இது வேற."

"ஆமா. முட்டை நாத்தம் வந்தா சுவர்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே. திறந்தப்புறம் உள்கூடத்துத் தோல்ல மட்டும் வேற கிருமி சேர்த்தோம். ஆஸ்பத்திரி பழைய படுக்கை விரிப்புலேர்ந்து எடுத்து வளர்த்தது. உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல, சோதிச்சுட்டோம்."

நறுமுகை காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எதுக்கு இதெல்லாம்?"

"மேல வீடு வாங்கினவங்க காலையில கீழ வந்தா, வழியில ஜனங்க வாயைப் பிளந்துட்டு படுத்திருக்காங்க. அவங்க பக்கத்தையும் பாக்கணும் இல்ல? உங்க ஷரத்துல ஒரு எழுத்தைக்கூட நாங்க மீறல மேடம். எழுப்பக் கூடாதுன்னு எழுதினீங்க. எழுப்பல. தூங்க விடணும்னு எழுதலையே."

நறுமுகைக்கு வாசல் வளைவின் எழுத்துகள் நினைவுக்கு வந்தன. ராகவலு செட்டி எழுதிய காலத்தில் எழுப்பாமல் இருந்தாலே தூக்கம்தான். எழுப்பாமலும் தூக்கத்தைக் கெடுக்க ஒருவன் படித்துவிட்டு வருவான் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்காது. தனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் எழுதியதைக் காப்பாற்றுகிறோம் என்று அப்படியே எடுத்து வைத்து, நன்றாக ஏமாந்துபோய்விட்டோம் என்று புரிந்தது.

"நான் புகார் பண்றேன். நானே படுத்துப் பாத்தேன்."

"நீங்க வாரியத்து ஆளு, சட்டப்படி உங்க சொல் செல்லாது. நோயாளியோட துணைக்கு வந்தவங்க சொல்லணும். சத்திரம் அவங்களுக்குத்தானே? ஒருத்தர் வாயால சொன்னா போதும். அன்னைக்கே தோலை நிறுத்தி ஆய்வுக்கு விட்டாகணும், எங்களுக்கு வேற வழியே இல்ல." ரித்விக் அவள் முகத்தைப் பார்த்தான். "இத்தனை பேர் வந்து படுத்தாங்க. சுவர் நாறுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொல்லல மேடம்."

அவள் எழுந்து வெளியே வந்தாள். வளைவின் கீழே நடக்கும்போது அந்தத் தோல் தன்மேல் பட்டுவிடக் கூடாது என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். ஒருத்தர் சொன்னால் போதும். ஒரே ஒருத்தர்.

சௌமியாவைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆஸ்பத்திரி மதிலோரம், மதியம் திரும்பிய வெயிலில், சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலையிலிருந்து ரவிக்கை முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலை மெல்ல முன்னால் சாய்வதும், திடுக்கிட்டு நிமிர்வதுமாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் கன்னம்வரை இறங்கியிருந்தது.

"அக்கா, ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

சௌமியா அவளை அடையாளம் கண்டு எழப் பார்த்தாள். நறுமுகை தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சௌமியா நகர்ந்துகொண்டாள்.

"தூக்கம் சரியில்லையா?"

"எங்க மேடம் தூங்குறது. முந்தாநேத்து ராத்திரி கண்ணசந்துட்டேன். மணி அடிச்சிருக்குது, எனக்குக் கேக்கல. பக்கத்து பெட்டு பொண்ணு ஓடியாந்து கொழாயை எடுத்து வுட்டுச்சி. அவரு மொகம் நீலமா ஆயிடுச்சி. இன்னோரு வாட்டி அப்படி ஆச்சின்னா..."

"சத்திரத்துல போய்த் தூங்க வேண்டியதுதானே?"

நறுமுகை போனை எடுத்து, பதிவு செய்யத் தயாராக மடியில் வைத்துக்கொண்டாள். "அங்க ஏன் தூங்க முடியலைன்னு எனக்குத் தெரியும் அக்கா. நாத்தம். அதை நீங்க ஒரு தடவை உங்க வாயால சொன்னா போதும். நாளைக்கே சரி பண்ண வெச்சுடுவேன். நீங்க நிம்மதியா தூங்கலாம்."

சௌமியாவின் முகம் வாடிவிட்டது. "உங்க காதுக்கும் வந்துடுச்சா" என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். "வெக்கமா இருக்குது மேடம். ஒரு நாளைக்கி மூணு வாட்டி குளிக்கிறேன். சோப்பு மாத்திப் பாத்துட்டேன், எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சிப் பாத்துட்டேன். அவரோட சளித் துணியெல்லாம் நான்தானே அலசறேன், ஒடம்புல ஊறிப் போயிடுச்சி போல. நான் படுத்தா பக்கத்துல படுத்தவங்கல்லாம் எழுந்து உக்காந்துக்குறாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. நல்ல ஜனங்க. நான்தான் பாத்துட்டு வந்துட்டேன். நம்மளால அவங்க தூக்கம் எதுக்குக் கெடணும்?"

"அவங்களும் அவங்கவங்க மேலதான் நாத்தம்னு நினைச்சிருக்காங்க அக்கா." நறுமுகை அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். "உங்க மேல ஒண்ணும் இல்ல. சுவர்தான் நாறுது. வேணும்னே நாற வெச்சிருக்காங்க. நீங்க தூங்கக் கூடாதுன்னு."

சௌமியா, வலிக்காது என்று பொய் சொல்லும் நர்ஸைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி சிரித்தாள்.

"செவுரு எங்கனா மனுச நாத்தம் நாறுமா மேடம்? உரிச்சப்போ வந்தது முட்டை நாத்தம், ஊருக்கே தெரியும். இது அது இல்ல. இது நம்ம நாத்தம், எனக்குத் தெரியாதா? நீங்க நல்லவங்க, அதுக்காக எனக்கோசரம் செவுத்து மேல பழி போடாதீங்க."

"சத்தியமா சொல்றேன் அக்கா. நானும் படுத்துப் பாத்தேன். நானும் முதல்ல என்னைத்தான் மோந்து பாத்தேன்."

"நீங்களா?" சௌமியா நம்பவில்லை. அவளுடைய சலவைப் புடவையை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க மேல எப்பிடி வரும்?"

நறுமுகை போனை அவள் பக்கம் நகர்த்தினாள். சுவர் நாறுகிறது என்று ஒரே வார்த்தை, நம்பாவிட்டாலும் பரவாயில்லை, சொன்னால் போதும் என்று கெஞ்சினாள். சௌமியா தலையை ஆட்டினாள். நடக்காததை எப்படிச் சொல்வது, அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பொய் வேறு சொல்லிப் பாவத்தைச் சேர்த்துக்கொள்ளவா என்று கேட்டாள். கண் மறுபடியும் சொருகியது. தலை சாய்ந்து, நிமிர்ந்தது.

கடற்பக்கமிருந்து மதியக் காற்று மெல்லக் கிளம்பி மதிலோரமாக வீசியது. சௌமியா சட்டென்று விழித்து, ஈர முந்தானையை இழுத்து உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

"காத்து உங்க பக்கமா அடிக்குது மேடம்" என்றாள். "இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."